மடிக்கணினியைத் தூக்கிப் போடும் முன் அதன் ஓரத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினி வாங்கப் போகும் நம் மக்களுக்கு ஒரு முக்கியமான விவரம் சொல்லப்படுவதே இல்லை. கணினியின் ஓரத்தில் இருக்கும் துளைகளில் எது எதற்கு வழிவிடும், நாளைக்குக் கூடுதல் கிராஃபிக்ஸ் திறன், அதாவது படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் திறன், தேவைப்பட்டால் அதை வெளியிலிருந்து சேர்க்க முடியுமா என்பதுதான் அந்த விவரம். அட்டைப்பெட்டியின் மேல் இதைத் தெளிவாக அச்சிட்டு நான் பார்த்ததில்லை. அச்சிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சர்க்யூட் பலகைகளைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உருப்பெருக்கிக்குக் கீழே ஒவ்வொரு ஈயப் பற்றையும், பலகை விளிம்பில் தங்க முலாம் பூசிய ஒவ்வொரு தொடுமுனையையும் பார்த்துத் தேர்வு செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் கணினியைத் திறக்க எனக்குப் பயமில்லை. ஒரு பலகையில் ஸ்லாட் வைத்திருக்கிறார்கள் என்றால், பின்னால் அங்கே ஏதோ வந்து அமரும் என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

என் தங்கை மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முப்பரிமாண அசைவூட்டம் படிக்கிறான். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கணினியில் அப்படியே எழுப்ப வேண்டும் என்பது அவன் ஆசை. 1827இல் தோன்றிய கோயில் அது. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எத்தனை உருவங்கள், எத்தனை மடிப்புகள், எத்தனை வண்ணங்கள் என்று. அத்தனையையும் ஒளி, நிழலோடு கணக்கிட்டுப் படமாக்க அவனிடம் இருந்தது திங்க்பேட் டி430 என்ற பழைய மடிக்கணினி. 2012இல் வெளிவந்த மாடல். அலுவலகம் ஒன்று கழித்துக்கட்டியதை மலிவாக வாங்கியிருந்தான். மாலையில் படமாக்க விட்டால் இரவெல்லாம் ஓடும். காலையில் எழுந்து பார்த்தால் ஒரே ஒரு படம் முடிந்திருக்கும்.

கடையில் காட்டினான். “இதற்கு மேல் இதில் ஒன்றும் செய்ய முடியாது, கிராஃபிக்ஸ் சிப் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, புதிது வாங்கிக்கொள்” என்று சொல்லி, இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள ஒன்றை எடுத்து வைத்தார்கள். சிப் பற்றவைக்கப்பட்டது என்று அவர்கள் சொன்னது உண்மை. வேறு வழியே இல்லை என்று சொன்னது உண்மை இல்லை. “பெரியம்மா, நீங்களே பாருங்கள்” என்று அவன் கணினியை என் முன்னால் வைத்தபோது, நான் முதலில் பார்த்தது அதன் பக்கவாட்டைத்தான். அங்கே எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் இருந்தது.

இளைய வாசகர்கள் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2003இல் அறிமுகமான தரம் அது. 34 மில்லிமீட்டர், 54 மில்லிமீட்டர் என இரண்டு அகலங்களில் அட்டைகள் வந்தன. இணைய மோடம், நினைவக அட்டை படிப்பான் போன்ற சின்னச் சின்னச் சாமான்களைச் செருகத்தான் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தினார்கள். பலர் ஒன்றுமே செருகவில்லை. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கும். ஆனால் அந்த ஸ்லாட்டுக்குள் ஓடுவது பிசிஐ எக்ஸ்பிரஸ். மேசைக் கணினியில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகள் அமரும் ஸ்லாட்டில் ஓடும் அதே மொழி. வேறுபாடு தரவு போகும் தடங்களின் எண்ணிக்கையில்தான். மேசைக் கணினியில் 16 தடங்கள். எக்ஸ்பிரஸ்கார்டில் ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் அந்த ஒரு தடம் நொடிக்கு 250 மெகாபைட் கடத்தியது. டி430 போன்ற பிற்கால மாடல்களில் 500 மெகாபைட். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள மேசைக் கணினியின் பெரிய ஸ்லாட் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிகாபைட் கடத்தும். அதில் முப்பதில் ஒரு பங்குதான் நமக்குக் கிடைப்பது.

முப்பதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தங்கை மகனும் கேட்டான். நியாயமான கேள்விதான். என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்தது பதில். கல்யாணச் சமையலுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் குறுகலான வாசல் வழியாக ஒருமுறை உள்ளே வந்து சேர்ந்துவிட்டால், பிறகு அடுப்பின் வேகத்தை வாசலின் அகலம் குறைப்பதில்லை. முப்பரிமாணக் காட்சியைப் படமாக்குவதும் அப்படித்தான். கோபுரத்தின் வடிவமும் வண்ணங்களும் ஒருமுறை கார்டின் நினைவகத்துக்குள் போய்விட்டால், அதன்பின் கணக்கெல்லாம் கார்டுக்குள்ளேயே நடக்கிறது. விளையாட்டுகள் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு நொடியும் புதுப்புதுத் தரவு உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், குறுகிய தடம் இழுத்துப் பிடிக்கும். அதிலும் கார்டு உருவாக்கிய படத்தை மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே பார்க்க வேண்டும் என்றால், படம் அதே ஒற்றைத் தடத்தில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. வெளித்திரை ஒன்றைக் கார்டிலேயே நேராக மாட்டிவிட்டால் அந்தத் திரும்பும் பயணம் மிச்சம்.

நாங்கள் செய்தது இதுதான். எக்ஸ்பிரஸ்கார்டில் ஒரு முனையும் பெரிய கிராஃபிக்ஸ் ஸ்லாட்டில் மறுமுனையும் கொண்ட இணைப்புப் பலகை ஒன்றை இணையத்தில் வாங்கினோம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கார்டைப் பழைய பொருளாக வாங்கினோம். 2016இல் வந்தது, 4 ஜிகாபைட் நினைவகம் கொண்டது. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மின்சாரம். பெரிய ஸ்லாட் ஒன்று அதிகபட்சம் 75 வாட் கொடுக்கலாம் என்பது தரவிதி. இந்தக் கார்டு அந்த 75 வாட்டுக்குள் அடங்குவதால், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின்கம்பி தேவையில்லை. இதைவிடப் பெரிய கார்டுகளுக்கு 6 முனை இணைப்பு 75 வாட்டும், 8 முனை இணைப்பு 150 வாட்டும் கூடுதலாகத் தரும். அதற்கேற்ற மின்வழங்கியும் வேண்டும். எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டால் இவ்வளவு மின்சாரம் தர முடியாது. மின்சாரம் தனியாக வெளியிலிருந்துதான் வர வேண்டும். சிறிய மேசைக் கணினிகளோடு வரும் 12 வோல்ட், 220 வாட் அடாப்டர் ஒன்று எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. இதை வாங்கும் இடத்தில் மட்டும் தயவுசெய்து மலிவு பார்க்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அடாப்டர்மீது சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத அடாப்டரைப் படுக்கைக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் ஓடவிடுவதை என் வீட்டில் நான் அனுமதிக்க மாட்டேன்.

கணினியை முழுவதும் அணைத்த பிறகே மாட்ட வேண்டும். கார்டைத் தொடும் முன் உடலில் இருக்கும் நிலைமின்னைப் போக்க வேண்டும். தொழிற்சாலையில் மணிக்கட்டில் பட்டை கட்டாமல் ஒருவரையும் பலகைக்கு அருகில் விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தை நான் இன்றும் விடவில்லை. மாட்டி முடித்து, கணினியை இயக்கி, கார்டுக்கான இயக்கி மென்பொருளை நிறுவியதும், கார்டு தன் பெயரோடு கணினியின் சாதனப் பட்டியலில் வந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்லாக் கணினியிலும் இவ்வளவு சுலபமாக வராது. சில மாடல்களில், குறிப்பாக ஏற்கெனவே இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ளவற்றில், புதிய கார்டோடு கணினி பேசுவதற்கு ஒதுக்க வேண்டிய நினைவக முகவரிகளில் போதிய இடம் கிடைக்காது. விண்டோஸ் அப்போது ‘குறியீடு 12’ என்ற பிழையைக் காட்டும். உள்ளிருக்கும் இரண்டாவது சிப்பை முடக்கினால் சில நேரம் தீரும். சில கணினிகளில் முகவரி அட்டவணையையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். அது எல்லாராலும் ஆகிற வேலை இல்லை. வாங்கும் முன் உங்கள் மாடலில் வேறு யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

முன்பு இரவெல்லாம் ஓடிய அதே காட்சி, இப்போது நாங்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. செலவு 250 வெள்ளிக்குள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியான பட்டியலில் இல்லை. அதனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருக்கிறான். அவன் பயன்படுத்தும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் அதிலும் இலவசமாகவே ஓடுகிறது. ஒருமுறை கோபுரச் சிற்பங்களின் வண்ணப் படங்களை மிகப் பெரிய அளவில் சேர்த்தான். 4 ஜிகாபைட் போதாமல் கார்டு கணினியின் நினைவகத்தை நாடத் தொடங்கியதும் வேகம் படுத்துவிட்டது. சாமான் வைக்க இடமில்லாமல் மறுபடி மறுபடி வாசலுக்கு ஓடும் நிலை. தொலைவில் தெரியும் சிற்பங்களின் படங்களைச் சிறிதாக்கியதும் சரியாகிவிட்டது. இருப்பதற்குள் அடக்கிச் செய்யும் இந்தக் கணக்கும் அவன் படிப்பில் ஒரு பாடமே என்று நான் நினைக்கிறேன்.

சிங்கப்பூருக்கு இது அந்நியமான வேலை இல்லை. 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கியது கிரியேட்டிவ் டெக்னாலஜி. அதன் நிறுவனர் சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். அவருடைய நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் என்ன? விரிவாக்க ஸ்லாட்டில் செருகும் ஒரு கார்டு! பீப் பீப் என்று மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த கணினிக்கு இசையும் பேச்சும் அந்த ஸ்லாட் வழியாகத்தான் வந்து சேர்ந்தன. உலகம் முழுவதும் இந்த ஊரின் பெயர் அப்படிப் போனது. பின்னாளில் ஆசுஸ் நிறுவனம் 2007இல் எக்ஸ்பிரஸ்கார்டு வழியாக இணையும் வெளிப்புற கிராஃபிக்ஸ் பெட்டியை அறிவித்தது. சிங்கப்பூரர் டான் மின் லியாங் இணை நிறுவனராக இருந்து தொடங்கிய ரேசர் நிறுவனம் 2016இல் தண்டர்போல்ட் 3 என்ற அதிவேக இணைப்பு வழியாக இணையும் பெட்டியைக் கொண்டுவந்தது. ஒன்-நார்த்தில் அந்த நிறுவனத்தின் கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். கணினியில் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கலாம் என்ற எண்ணத்தை வளர்த்த ஊர் இது. அதே ஊரின் கடைகளில் ‘ஒன்றும் சேர்க்க முடியாது’ என்ற பதில் இவ்வளவு எளிதாக வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி இன்றைய கணினிகள். எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் புதிய மடிக்கணினிகளில் இல்லை. அந்த இடத்துக்குத் தண்டர்போல்ட் வந்தது. 2011இல் நொடிக்கு 10 ஜிகாபிட்டில் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) தொடங்கி, 2013இல் 20, 2015இல் 40 என வளர்ந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5 இருபுறமும் 80 ஜிகாபிட் கடத்தும். வேகத்தில் எக்ஸ்பிரஸ்கார்டை எங்கோ விட்டுவிட்டுப் போய்விட்டது. நல்லதுதான். ஆனால் எக்ஸ்பிரஸ்கார்டைப் பார்த்தாலே அது எக்ஸ்பிரஸ்கார்டு என்று தெரியும். இன்றைய துளை அப்படி இல்லை. தண்டர்போல்ட் 3 முதல் எல்லாம் யூஎஸ்பி-சி வடிவத்துக்குள் வந்துவிட்டன. ஒரே வடிவத் துளை ஒரு கணினியில் மின்னேற்றத்துக்கும் சாதாரண யூஎஸ்பிக்கும் மட்டும் இருக்கும். இன்னொன்றில் திரைக்கும் படம் அனுப்பும். மற்றொன்றில்தான் பிசிஐ எக்ஸ்பிரஸ் தரவும் போகும். யூஎஸ்பியின் புதிய தரமான யூஎஸ்பி 4 என்று எழுதியிருந்தாலும் போதாது. அந்தத் தரத்தில் கணினிகளுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் கடத்துவது விருப்பத் தேர்வுதான், கட்டாயமில்லை. தண்டர்போல்ட் 4 என்றால் நொடிக்கு 32 ஜிகாபிட் அளவுக்கு அது கட்டாயம். துளை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. ஆப்பிள் நிறுவனம் இன்டெல் சிப் கொண்ட தன் கணினிகளுக்கு 2018 மார்ச்சில் வெளிப்புற கிராஃபிக்ஸ் ஆதரவு தந்தது. 2020 நவம்பரில் தொடங்கி வந்த அதன் சொந்த சிப் கணினிகளில் தண்டர்போல்ட் இருந்தும் அந்த ஆதரவு தரப்படவில்லை. இதையெல்லாம் பிள்ளைக்குக் கணினி வாங்க சிம் லிம் ஸ்குவேரில் நிற்கும் ஒரு தாயோ தகப்பனோ துளையைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டுமா?

கடைக்காரரைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். இரண்டு கணினிகளைக் காட்டி, எதில் வெளிப்புற கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யும் என்று ஒரு கடையில் கேட்டேன். இரண்டும் டைப்-சி (யூஎஸ்பி-சி), இரண்டிலும் செய்யும் என்றார் விற்பனையாளர். வீட்டுக்கு வந்து தயாரிப்பாளரின் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் தேடினால், ஒன்றில் மட்டும்தான் தண்டர்போல்ட். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கையில் இருக்கும் பெட்டியிலேயே எழுதாததை அவர் எங்கிருந்து சொல்வார்?

குளிர்சாதனக் கருவிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் 2008 முதல் மின்சிக்கன வில்லை ஒட்டுவது இங்கே கட்டாயம். எத்தனை குறிகள் இருக்கின்றன என்று பார்த்து வாங்க நம் பாட்டிமார்களே பழகிவிட்டார்கள். 2022 டிசம்பர் 30 முதல் புட்டியில் வரும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் வில்லை வந்தது. ஒன்றரை வெள்ளிப் பானத்தில் இருக்கும் சர்க்கரையைச் சொல்லும் ஏற்பாடு நம்மிடம் இருக்கும்போது, இரண்டாயிரம் வெள்ளிக் கணினியின் துளையில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லும் ஏற்பாடும் வேண்டும். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமும் தொடர்புடைய அமைப்புகளும் இதை எடுத்துப் பேச வேண்டும். பெரிய வில்லை தேவையில்லை. மூன்று வரி போதும்: எந்தத் துளையில் பிசிஐ எக்ஸ்பிரஸ் எந்த வேகத்தில் போகும்; நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பிறகு மாற்ற முடியுமா, பற்றவைக்கப்பட்டவையா; வெளிப்புற கிராஃபிக்ஸ் கார்டைத் தயாரிப்பாளர் ஆதரிக்கிறாரா.

சுற்றுப்புறக் கணக்கும் இதில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். 2021 ஜூலை 1 முதல் கணினி போன்ற பொருள்களின் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் அவற்றின் கழிவைச் சேகரிக்கும் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. நல்ல விதி. ஆனாலும் மறுசுழற்சித் தொட்டி கடைசிப் படி. ஓடக்கூடிய கணினி இன்னும் சில ஆண்டுகள் ஓடினால் அதைத் தொட்டியில் போடவே வேண்டியிருக்காது.

எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். கடிதம் தட்டச்சு செய்யவும் காணொளி பார்க்கவும் கணினி வைத்திருப்பவருக்குக் கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு? நினைவகத்தைக் கூட்டுங்கள், பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போடுங்கள், அதுவே போதும். செயலியே மிகவும் பழையதாக இருந்தால் எவ்வளவு பெரிய கார்டும் அதற்காகக் காத்து நிற்கும். மேசையில் கம்பிகள் அதிகமாகும், தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போக முடியாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தனிநபர் கற்றல் சாதனங்களைப் பெற்றோர் கண்டிப்பாகத் திறக்கக் கூடாது. அவற்றில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கிறது, உத்தரவாதமும் இருக்கிறது. ஆனால் அசைவூட்டம், கட்டட வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கல்விக் கட்டணத்தோடு இரண்டாயிரம் வெள்ளிக் கணினியும் சேர்ந்து வரும்போது, தேவையில்லாத செலவுக்காகக் கூடுதல் நேர வேலை பார்க்கும் பெற்றோர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினித் துளைகளைப் படத்தோடு விளக்கும் அரைப்பக்கம் ஒன்றை, தண்டர்போல்ட்டின் மின்னல் குறி எப்படி இருக்கும், எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் எந்த இடத்தில் இருக்கும் என்பதோடு, உங்கள் நாளிதழில் வெளியிடுங்கள். நம் வட்டாரச் சமூக மன்றத்தில் யாரேனும் ஏற்பாடு செய்தால், எங்கள் வீட்டுக் கார்டையும் இணைப்புப் பலகையையும் எடுத்து வந்து மாட்டிக் காட்ட நானும் தங்கை மகனும் தயார். வருகிறவர்கள் தங்கள் கணினியின் அடிப்பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுத் தொழிற்சாலை ஊழியர்,
ஈசூன்